தொட்டிலும் பூட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தை வளர்ப்பில் குடும்பத்துக்கும் ஊருக்கும் உள்ள பங்கு பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருபவர், கொங்கு மாவட்டம் ஒன்றின் குழந்தைகள் நலக் குழுவில் மூன்றாண்டுகள் உறுப்பினராக இருந்தவர். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

எங்களுக்குப் பன்னிரண்டு குடித்தனங்கள் உள்ள ஒரு லைன் வீடு இருக்கிறது. அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஏழு, நான்கு, ஒன்றரை வயதில் மூன்று பிள்ளைகள். காலையில் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். மதியம் அந்தப் பெண் ஓடி வந்து சோறு கொடுத்துவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டுப் போகிறாள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லிப் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். “வடக்கத்திக்காரர்கள் அப்படித்தான், நமக்கெதற்கு வம்பு” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். எது சரி?
— வாசகி, அவிநாசி

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்பும் தண்ணீர் டிரம்மும் இருக்கிற ஒற்றை அறையில் ஒன்றரை வயதுக் குழந்தையை ஏழு வயதுக் குழந்தையின் பொறுப்பில் விட்டுப் பூட்டுவது ஆபத்தானது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அந்தப் பூட்டின் மறுசாவி ஒன்றை இன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் உடம்பில் அடித்த காயம் தெரிந்தாலோ, ஓர் இரவு பெற்றோர் திரும்பாமல் போனாலோ, யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 1098ஐ அழையுங்கள்.

ஆனால் மதியம் அந்தப் பெண் ஓடி வந்து சோறு கொடுக்கிறாள் என்று நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியிலிருந்து ஓடி வந்து, தான் சாப்பிட்டாளோ இல்லையோ, மூன்று பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டுத் திரும்பி ஓடுகிற ஒருத்தியைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவள். என் அம்மா களை வெட்டப் போகும்போது வேப்பமரக் கிளையில் பழைய சேலையால் தொட்டில் கட்டித் தம்பியைப் படுக்கவைத்து, எட்டு வயதான என்னைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போவார். இருபது முப்பது அடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தது. அதை யாரும் அலட்சியம் என்று சொல்லவில்லை. பொறுப்பான பிள்ளை என்று எனக்குத்தான் பேர் கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் ஆத்தாவும், அடுத்த தோட்டத்தில் பெரியம்மாவும் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். நிலம் எங்களுடையதாக இருந்தது என்பது இன்னொரு காரணம். எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர் பெண் அதே வேப்பமரத்தடியில் தன் பிள்ளையைப் படுக்கவைத்தபோது, “இதுகளுக்குப் பிள்ளை வளர்க்க எங்கே தெரியுது” என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பேசியதை நான் கேட்டிருக்கிறேன். மரம் ஒன்றுதான், தொட்டிலும் ஒரே மாதிரிதான். உங்கள் லைன் வீட்டுப் பெண்ணின் ஆத்தாவும் பெரியம்மாவும் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிய ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தப் பூட்டு தொங்குகிறது.

1098க்கு அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மீட்கப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குடும்பச் சூழலைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் வர வேண்டும். குழு நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பிள்ளை வளர்ப்பின் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும் என்றும், சாதி, இனம், பிறந்த இடம் ஆகியவற்றைக் கொண்டு எந்தக் குழந்தையையும் வேறுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஏட்டில் இருப்பது இது.

நடைமுறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விசாரணையில், தமிழ் தெரியாத ஒரு தாய் நாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். “பிள்ளைகளை இல்லத்தில் விடச் சம்மதமா” என்பதற்கும் அதே தலையாட்டல்தான். சம்மதம் என்று பதிவாயிற்று. மறுவாரம் அவர் மொழி தெரிந்த ஒரு தையல்காரரை அழைத்து வந்து கேட்டபோதுதான், எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருந்தது தெரிந்தது. பதிவில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பிள்ளைகள் வீடு திரும்ப மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. கடைசிக் குழந்தை அம்மாவிடம் போக மறுத்து அழுதது.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அவர்கள் மொழியும் தமிழும் தெரிந்த ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய் அவளோடு பேசுங்கள். லேபர் கான்ட்ராக்டரை அழைத்துப்போக வேண்டாம். அவர் முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள். நான்கு வயதுப் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். வேறு மாநிலத்துக் குடும்பம், இங்கே ரேஷன் அட்டை இல்லை என்பதெல்லாம் அங்கன்வாடிக்குத் தடை இல்லை. ஏழு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளி மறுக்க முடியாது: வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, கல்வியாண்டின் நடுவில் வந்தார்கள் என்ற காரணங்கள் எதுவும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் முன் செல்லாது. அந்தப் பிள்ளை இன்று செய்துகொண்டிருப்பது ஆயா வேலை. அது பள்ளிக்குப் போக வேண்டியவள் அல்லது வேண்டியவன்.

எஞ்சியிருப்பது கைக்குழந்தையும், அங்கன்வாடி மூடிய பிறகு ஒன்றரை ஷிப்ட் முடிகிற இரவு எட்டரை மணி வரையிலான நேரமும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட விதியின்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம். காப்பகம் என்ற பெயரில் நூல்கோன் அட்டைப்பெட்டிகள் அடுக்கிவைத்த அறையை நான் பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை. ஆனாலும் கேளுங்கள், ஒரு தொழிலாளி கேட்பதைவிட அவிநாசியில் வீடுள்ள நீங்கள் கேட்டால் மேலாளருக்குக் காது கேட்கும். அது கைகூடாவிட்டால், உங்கள் பன்னிரண்டு குடித்தனங்களில் வேலைக்குப் போகாத ஒரு பெண்ணாவது இருப்பார். பிள்ளைக்கு இவ்வளவு என்று தாய்மார்கள் கொடுப்பார்கள், ஓர் அறையை நீங்கள் வாடகையில்லாமல் விடுங்கள். காலியாக ஓர் அறையும் இல்லை என்று சொல்வீர்களானால், வரப்போகும் வாடகை உயர்வை அந்தக் குடித்தனத்துக்கு மட்டும் தள்ளிப்போடுங்கள்.

கணவனை இழந்த பெண்களுக்கும் நோயாளிப் பெற்றோருக்கும் பிள்ளை வளர்க்க மாதாமாதம் அரசு பணம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். இப்படிக் கொடுத்தால் உழைக்கும் எண்ணமே போய்விடாதா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தின் கீழ் வரும் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயில் விழுந்த பெற்றோர், தாய் தந்தை இல்லாத பிள்ளைகளை வைத்திருக்கும் உறவினர் ஆகியோர் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது.

நான்காயிரம் ரூபாயில் ஒருவர் சோம்பேறியாக வாழ முடியும் என்றால் அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் கொடுங்கள், ஐயா. அதே பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கவும் அரசுக்குச் செலவுதான்; கட்டடமும் சமையலாளும் காவலாளும் வேண்டும், அம்மா மட்டும் இருக்க மாட்டார். பணம் வருகிறது என்ற தகவல் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டியது. நான் குழுவில் இருந்தபோது, ஆட்சியர் அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவராவது உள்ள குடும்பங்களே முதலில் விண்ணப்பத்தோடு வந்தன. சாயப்பட்டறையில் வேலை செய்து நுரையீரல் கெட்ட ஒருவரின் மனைவி, இல்லத்தில் இடம் கேட்டு வந்தபோதுதான் இப்படி ஒரு திட்டம் இருப்பதையே அறிந்தார்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேரனின் கையில் இருந்த கன்றிப்போன தழும்பைப் பார்த்துப் பள்ளியில் இருந்து வீட்டுக்கு விசாரணைக்கு வந்துவிட்டார்கள். அங்கே கறுப்பின மக்களின் பிள்ளைகளைத்தான் அதிகம் பிரிக்கிறார்கள் என்கிறாள் மருமகள். அப்படியா? நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
— வாசகர், ஈரோடு

பேரன் நலமாக இருப்பான் என்று நம்புகிறேன். அந்த நாட்டில் ஆசிரியரும் மருத்துவரும் ஐயம் வந்தாலே தகவல் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள்; விசாரணைக்கு வந்ததாலேயே குற்றம் சாட்டிவிட்டதாக ஆகாது.

மருமகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கப் பிள்ளைகளில் சுமார் 37 சதவீதத்தினர் 18 வயதை எட்டுவதற்குள் ஒரு முறையாவது இத்தகைய விசாரணைக்கு உள்ளாகிறார்கள் என்றும், கறுப்பினப் பிள்ளைகளில் அது 53 சதவீதம் என்றும் கணக்கிட்டது. இரண்டில் ஒரு பிள்ளைக்கும் மேல். பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லப்படும் காரணங்களில் மிகுதியானது அடி உதை அல்ல, ‘கவனிப்பின்மை’. வீடு, உணவு, மருத்துவம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை இல்லாமையும் பெரும்பாலும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகிறது. பூர்வகுடிகளின் கதை இன்னும் கசப்பானது. 1970களில் அவர்களுடைய பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. அதன் விளைவாக, உறவினருக்கும் அதே குலத்தாருக்கும் முன்னுரிமை தரும் சட்டம் 1978இல் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. பிள்ளையைப் பிரித்த பிறகு செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, பிரியாமல் இருக்கப் பெற்றோருக்கு மனநலச் சிகிச்சையும் போதை மறுப்புச் சிகிச்சையும் அளிக்கச் செலவிடலாம் என்று 2018இல் மற்றொரு சட்டம் இயற்றினார்கள். ஆஸ்திரேலியாவும் இதே தவற்றைச் செய்து, பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுறைகளிடம் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

நமக்கு என்ன தொடர்பு என்று கேட்கிறீர்கள். அங்கே நிறம் செய்வதை இங்கே சாதியும் ஊரும் மொழியும் செய்கின்றன. என் காலத்தில் எங்கள் குழுவின் முன் வந்த பிள்ளைகளில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளையோ கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகளையோ கை விரல்களில் எண்ணிவிடலாம்; குடியும் அடியும் அந்த வீடுகளில் இல்லை என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். அங்கே மதில் சுவர் உயரம், அழுகை வெளியே கேட்பதில்லை.

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அருந்ததியர் சமூகப் பெண் ஒருவர் உதவியாளராக வந்தபின் சில பெற்றோர் சத்துமாவை மட்டும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைச் சாப்பிடுவதற்கு முன்பே அழைத்துப் போய்விடுகிறார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார்கள் பெரியவர்கள்.
— வாசகி, தாராபுரம் வட்டம்

தீராது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இதே சமூகத்தைச் சேர்ந்த சமையலரை எதிர்த்தபோது முதலில் அவருக்கு இடமாற்றம்தான் தரப்பட்டது; எதிர்ப்பு எழுந்து, அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது கரூர் மாவட்டத்திலும் அதே கதை நடந்து, ஆட்சியரே பள்ளிக்குப் போக வேண்டி வந்தது. மாற்றல் என்பது தொந்தரவு செய்தவரை விட்டுவிட்டுத் தொந்தரவுக்கு ஆளானவரை அப்புறப்படுத்துவது. அடுத்த ஊரிலும் இதே பெரியவர்கள்தான் இருப்பார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது தன் வேலையைச் செய்ய வேண்டும். அந்த உதவியாளர் புகார் கொடுக்க விரும்பினால் நீங்கள் சாட்சியாக நில்லுங்கள், அவரைச் சமாதானப்படுத்தப் போகாதீர்கள். அதோடு ஒரு வேலை பெற்றோர்களுக்கும் இருக்கிறது. உங்கள் பிள்ளையை அங்கேயே சாப்பிட வையுங்கள், நீங்களும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டில் வாங்கிச் சாப்பிடுங்கள். நான் அறிந்த ஓர் ஊரில் வார்டு உறுப்பினரான ஒரு பாட்டி, யாருக்கும் சொல்லாமல், தினமும் பதினொன்றரை மணிக்குப் பேத்தியோடு போய் உட்கார்ந்துவிடுவார். எவரையும் அவர் கண்டிக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களிடம் “ஏனுங்க, முட்டை ஆறிப்போகுது, அதுக்குள்ள எங்கீங்க போறீங்க” என்று மட்டும் கேட்பாராம். மூன்று மாதத்தில் எல்லோரும் திரும்பவில்லை, இரண்டு வீடுகள் கடைசிவரை வரவில்லை. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

பர்கூர் மலையில் வேலை பார்க்கிறேன். கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் பெற்றோர் இறங்கிப் போகும் மாதங்களில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறார்கள். நகரத்தில் இலவச இல்லம் நடத்துவதாகச் சொல்லும் ஒருவர், பத்துப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன் என்கிறார். அனுப்பலாமா?
— ஆசிரியர், அந்தியூர்

அனுப்பாதீர்கள், ஐயா, குறைந்தது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நீங்களே கேட்டறியும்வரை அனுப்பாதீர்கள். பதிவுச் சான்றைக் கேட்டதும் ஒருவர் கோபித்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

உங்கள் மலையின் சிக்கலுக்கு வேறொரு வேரும் இருக்கிறது. நீங்கள் அறியாததல்ல, கீழே இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பழங்குடியினர். பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள், அவர்களோடு கொண்டு கொடுத்த உறவினரானாலும், பழங்குடியினர் அல்லர். பட்டியலில் அச்சமூகத்தின் பெயரோடு தருமபுரி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களின் பெயர்களும் எழுதப்பட்டன. ஈரோடு அப்போது கோவை மாவட்டத்துக்குள் இருந்தது, கோவை அந்த வரிசையில் இல்லை. 1979இல் ஈரோடு தனி மாவட்டமான பின்னும் வரிசை நீளவில்லை. ஒரு மாவட்ட எல்லைக்கோட்டினால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அதன் மாமன் மகனுக்குக் கிடைக்காமல் போகின்றன. படித்தும் பயனில்லை என்று பெற்றோர் நினைத்துப் பிள்ளையைக் கரும்புக் காட்டுக்கு அழைத்துப்போனால், அந்த எண்ணத்துக்குப் பொறுப்பு அவர்கள் மட்டுமா?

பட்டியல் மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. பெற்றோர் இறங்கும் மாதங்களுக்கு மட்டும் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடமுண்டு. எத்தனை பிள்ளைகள், எந்த மாதங்கள் என்று ஒரு பட்டியலைத் தயாரித்து, கரும்பு வெட்டு தொடங்கிய பின் அல்ல, ஆடியிலேயே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுங்கள். ஊரோடு நிற்கும் பாட்டி தாத்தாக்களின் வீட்டில் பிள்ளையை விட முடிந்தால் அதுவே நல்லது. அந்தப் பாட்டிக்கு ரேஷன் அரிசி சரியாக வருகிறதா, முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று பார்ப்பது பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் வேலையின் ஒரு பாதி.

எனக்கு 63 வயது. விசைத்தறியை விற்றுவிட்டோம், பிள்ளைகள் வெளியூரில். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை. இல்லம் ஒன்று தொடங்கலாமா?
— வாசகி, பல்லடம்

இல்லம் வேண்டாம், அக்கா. உங்கள் தெருவில் அங்கன்வாடி மூடுவதற்கும் ஷிப்ட் முடிவதற்கும் இடையில் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் தவிக்கிற ஐந்தாறு தாய்மார்களாவது இருப்பார்கள். அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் பெயரோடு சொல்வார். இரண்டு மூன்று பிள்ளைகளோடு தொடங்குங்கள், அதற்கு மேல் ஒற்றை ஆளால் ஆகாது. வருபவை வடமாநிலப் பிள்ளைகளானால், உதவிக்கு அவர்கள் மொழி பேசும் பெண் ஒருவரையே வையுங்கள். பிள்ளை அழும்போது எதற்கு அழுகிறது என்று அவருக்குத் தெரியும். தறி ஓடிய கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். தறிக்குழிகளை மூடி, கரண்ட் பெட்டியைக் கை எட்டாத உயரத்துக்கு மாற்றிய பிறகு முதல் பிள்ளையை உள்ளே விடுங்கள்.